சிறுவயதில் பட்டதும் நடுவயதில் வரும் நோயும்: பொது மருத்துவ டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பல வருடங்கள் மெடிக்கல் வார்டு, கடைசிக் காலத்தில் தொற்றா நோய்ப் பிரிவு. பிரஷர் பார்ப்பது, விரலில் குத்தி சுகர் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, மாதத்துக்கான மாத்திரையை எண்ணிக் கொடுப்பது, உப்பைக் குறைங்க, நடங்க என்று சொல்லி அனுப்புவது. உங்களில் பலருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். வரிசை எவ்வளவு நீளம், ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

சுகரோடு வருகிறவரிடம் அப்பாவுக்கு சுகர் இருந்ததா என்று தவறாமல் கேட்கிறோம். அந்த அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பாரா என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்விக்கும் நம் பிரிவில் இடம் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அடி, பசி, பாலியல் தொல்லை, தினமும் சண்டை நடக்கும் வீடு, எந்த நேரம் என்ன நடக்குமோ என்ற பயம் என்று சின்ன வயதில் பட்டவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதில் மாரடைப்பும் பக்கவாதமும் மூச்சிரைப்பும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. இதை மனநலப் பிரிவின் விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இது பொது மருத்துவத்தின் விஷயம்.

இது வெளிச்சத்துக்கு வந்த கதையே உடம்பு நோய் பார்க்கிற ஒரு டாக்டரிடமிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தில் வின்சென்ட் ஃபெலிட்டி என்பவர் 1980களில் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சையை நடத்தி வந்தார். எடை குறையாதவர்கள் பாதியில் நின்றால் புரிந்துகொள்ளலாம். அங்கே நன்றாகக் குறைந்துகொண்டு வந்தவர்களே நின்றுபோனார்கள். ஒரு பெண் ஒரு வருடத்துக்குள் 185 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு வந்தார். அப்புறம் மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறிவிட்டது. விசாரித்தபோது, கூட வேலை பார்க்கும் ஓர் ஆள் அவரைத் தவறான எண்ணத்துடன் அணுகியிருந்தது தெரிந்தது. இன்னும் பேசியபோது, சிறுமியாக இருக்கையில் சொந்தத் தாத்தாவே அவரிடம் தவறாக நடந்துகொண்டது வெளியே வந்தது. ஃபெலிட்டி மற்ற நோயாளிகளிடமும் கேட்கத் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவராக இதே போன்ற கதைகள். டாக்டர்களுக்கு நோயாகத் தெரிந்த அந்த எடை, அவர்களில் பலருக்கு ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

இதிலிருந்துதான் அவரும், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். உடல் பரிசோதனைக்கு வந்துபோனவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதினெட்டு வயதுக்கு முன் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அடித்தார்களா, கேவலமாகப் பேசினார்களா, பாலியல் தொல்லை இருந்ததா, அம்மாவை யாராவது அடித்தார்களா, வீட்டில் குடிகாரரோ மனநோய் உள்ளவரோ சிறைக்குப் போனவரோ இருந்தார்களா? 1998ல் வெளியான முதல் கட்டுரை 9,508 பேரின் பதில்களை வைத்து எழுதப்பட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இவற்றில் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைப் பட்டவர்களை, எதுவுமே படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதய ரத்தக்குழாய் நோய் 2.2 மடங்கு, பக்கவாதம் 2.4 மடங்கு, புற்றுநோய் 1.9 மடங்கு, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் நுரையீரல் விரிவு நோயும் 3.9 மடங்கு, சுகர் 1.6 மடங்கு.

இந்த ஆய்வில் இருந்தவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள், கல்லூரி வரை படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். ஏழைகளுக்குச் சாப்பாடு சரியில்லை, அதனால் நோய் வருகிறது என்ற ஒரே வரியில் இதை முடிக்க முடியாது.

அப்புறம் உங்கள் மனதில் வரும் கேள்வி எனக்கும் வந்தது. இப்படி வளர்ந்தவர்கள் பீடி குடிப்பார்கள், சாராயம் குடிப்பார்கள், கண்டதைத் தின்பார்கள், அதனால் நோய் வருகிறது, இதில் புதிதாக என்ன இருக்கிறது? ஒரு பங்கு உண்மைதான். பன்னிரண்டு வயதில் பீடியைப் பிடித்த பையனுக்கு அது கொஞ்ச நேரமாவது படபடப்பை அடக்கியது, அதனால் விட முடியவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2004ல் அதே ஆய்வின் 17,000க்கு மேற்பட்டவர்களின் தகவலை வைத்து இதய நோயைத் தனியாகப் பார்த்தபோது, புகை, எடை, பிரஷர், சுகர் எல்லாவற்றையும் கழித்துவிட்ட பிறகும் தொடர்பு மறையவில்லை. மனச்சோர்வும் அடக்க முடியாத கோபமும் அதில் பெரிய பங்கு எடுத்திருந்தன.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73ல் பிறந்த ஆயிரம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் ரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. நாம் தினமும் ஆய்வகத்துக்கு எழுதி அனுப்பும் அதே சி.ஆர்.பி. டெஸ்ட்தான். இப்போதைய வாழ்க்கை நிலை, உடல்நலம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அடி நின்று இருபது வருடம் ஆகியிருக்கும், உடம்புக்குள் அழற்சி நிற்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, கார்டிசோல் சுரக்கிறது, சுகர் ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது, ரத்தம் உறைவதற்குத் தயாராகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு இது வேண்டும். ஓடி முடித்ததும் எல்லாம் இறங்கிவிட வேண்டும். நாய் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள்ளேயே வந்தால், குழந்தையின் உடம்பு எப்போதும் தயார் நிலையிலேயே இருந்து பழகிவிடுகிறது. சிலருக்கு இந்தச் சுரப்பு எப்போதும் கூடுதலாக, சிலருக்கு நாளடைவில் மந்தமாகிப் போய், இரண்டு விதத்திலும் ஒழுங்கு கெடுகிறது. தூக்கம் கெடுகிறது. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. நம்மிடம் வரும்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது, பிரஷர் 170க்கு 100.

எங்கள் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் தொழிலும் வேண்டாம், வயது நாற்பதைத் தாண்டியவர். மாதம் தவறாமல் வருவார். காலி மாத்திரை அட்டைகளைக்கூடப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து காட்டுவார். ஆனால் வெறும் வயிற்று சுகர் 280க்குக் கீழே இறங்காது. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க என்றால் இரண்டு இட்லி என்பார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் பகலில் மயக்கம், வேர்வை, கை நடுக்கம். காலையில் 280, மதியம் தாழ்சர்க்கரை. பொய் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஏன் சொல்கிறார் என்று தெரியவில்லை. கூட்டம் குறைவாக இருந்த ஒரு நாள், பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "சின்ன வயசுல வீட்ல எப்படிம்மா இருந்தீங்க?" என்று பொதுவாகத்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அப்பா குடித்துவிட்டு வந்தால் முதலில் உதைப்பது சோற்றுப் பானையைத்தான். அவர் வருவதற்குள் அம்மா பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகப் போட்டுவிடுவாள். அவர் முன்னாலேயே வந்துவிட்ட நாளில் சோறு தரையில் கிடக்கும். "இப்பவும் எல்லாரும் தூங்குனப்புறம் எந்திரிச்சுப் போயி, நின்னமேனிக்கே, பானையில இருக்கறத வழிச்சுத் தின்னாத்தான் சிஸ்டர் எனக்குத் தூக்கமே வரும். மிச்சம் வெச்சா போயிரும்னு இருக்கும்." அவர் வீட்டில் இப்போது குடிப்பவர் யாரும் இல்லை. அப்பா இறந்து வெகு காலம் ஆகிவிட்டது.

அன்று டூட்டியில் இருந்த டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். அவர் மாத்திரையை மேலும் கூட்டவில்லை. நேரத்தை மாற்றினார், ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி, வயிறு நிறையச் சாப்பிடும்படி பிரித்துக் கொடுத்தார், மாவட்ட மனநலத் திட்டத்தில் வரும் மனநல டாக்டரிடம் அனுப்பினார். சுகர் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. மெதுவாக 200க்குக் கீழே வந்தது, பகல் மயக்கம் நின்றது. என்ன நடந்தது என்று தெரிந்ததும் மருந்துச்சீட்டே மாறியது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். பேச்சைக் கேட்காத பேஷண்ட் என்று நாம் பெயர் வைக்கும் எத்தனை பேரிடம் இப்படி ஒரு காரணம் இருக்கும்?

அடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நம் பிரிவிலேயே செய்கிறோம். சிலர் படுக்கை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். சிலருக்குக் கால் இறுகிக்கொள்ளும், உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியைப் பார்த்ததும் அழுவார்கள், சிலர் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டு கல் மாதிரி கிடப்பார்கள், கேட்டால் பதில் வராது. "மூணு புள்ள பெத்தவதானே, இதுக்கு என்ன வெக்கம்?" என்று நம்மில் யாராவது சொல்வோம். சிறுவயதில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது பல நாடுகளில் ஆய்வு செய்து கண்ட விஷயம். படுத்த நிலை, மேலே நிற்கும் ஆள், அசையாதே என்ற குரல், எல்லாம் சேர்ந்து அந்தப் பழைய அறைக்கே அவளைக் கொண்டுபோய்விடுகிறது. இதே பெண்தான் பத்து வருடம் கழித்து முற்றிய நிலையில் ரத்தப்போக்கோடு வருவாள்.

இதற்குப் பணம் தேவையில்லை. கதவைத் தாழிடுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், உள்ளே தேவையில்லாத ஆட்களை வெளியே அனுப்புங்கள். பயிற்சி மாணவிகள் பார்க்கலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள்: "இப்ப தொடறேன்மா. வலிச்சாலோ பிடிக்கலைன்னாலோ கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்." கையைத் தூக்கினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். இன்று முடியாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததுமே பல பெண்களுக்கு உடம்பு தளர்ந்து கொடுக்கும். என் கண்ணால் பார்த்தது இது. பல் டாக்டர்களுக்கும் இதையே சொல்வேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச முடியாமல், மல்லாந்து கிடப்பது சிலருக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆண்களிடமிருந்து இந்தப் பேச்சை வாங்குவது இன்னும் கஷ்டம். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். "எங்கப்பா பெல்ட்டால அடிச்சு வளர்த்ததாலதான் சிஸ்டர் நான் ஆளானேன்" என்று பெருமையாகவே சொல்வார்கள், பைபாஸ் செய்த நெஞ்சோடு. அவர்களோடு வாதாடக் கூடாது. அது அவர்கள் தங்கள் அப்பாவை மன்னித்திருக்கும் விதம். கேட்டுக்கொண்டால் போதும்.

நம் ஊரில் இது எவ்வளவு பேருக்கு இருக்கும் என்று கேட்டால், மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு விதமான பாலியல் தொல்லையைச் சொன்னார்கள், ஆண் குழந்தைகளும் சேர்த்துத்தான். அன்று பதினைந்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று முப்பதைத் தாண்டிவிட்டது. நம் வரிசைக்கு வரும் வயது.

இனி, நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, இதற்கு எங்கே நேரம்? எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லை. எத்தனை மாத்திரை மாற்றியும் கட்டுக்குள் வராதவர், வயிற்றுவலி, தலைவலி, உடம்புவலி என்று எல்லா டெஸ்டும் நார்மலாக வந்து மறுபடி மறுபடி வருகிறவர், பரிசோதனைக்குப் பயப்படுகிறவர், பீடியையோ குடியையோ விட்டு விட்டுத் திரும்பத் தொடங்குகிறவர். இவர்கள் ஏற்கெனவே நம் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, வேறு மருத்துவமனைக்கு ரெஃபர் என்று எவ்வளவு செலவு செய்கிறோம்.

இரண்டாவது மறுப்பு, கிளறிவிட்டால் யார் சமாளிப்பது? இது நியாயமான பயம், எனக்கும் இருந்தது. என்ன நடந்தது, யார் செய்தார்கள், எத்தனை தடவை என்று தோண்டக் கூடாது. அது நம் வேலை இல்லை. "சின்ன வயசுல பயந்து பயந்து வளர்ந்தீங்களா?" என்ற அளவே போதும். அவர் இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். ஆமாம் என்று தலையாட்டினால், "இது உங்க தப்பு இல்ல. உடம்புல இப்ப வர்ற நோய்க்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம். பேசணும்னா ஆள் இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, வீட்டிலிருந்தே தமிழில் பேசலாம். அந்த எண்ணைச் சொல்லி அனுப்ப அரை நிமிடம் போதும். பெரும்பாலானவர்கள் அழுது தீர்ப்பதற்காகக் காத்திருக்கவில்லை. யாராவது ஒருவர் அதை உண்மை என்று ஏற்றுக்கொண்டால் அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அவர் சொன்னதை நோயாளி நோட்டில் எழுதாதீர்கள். அந்த நோட்டு வீட்டுக்குப் போகிறது. மாமியார் படிப்பார், கணவர் படிப்பார், மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் படிப்பார். மருத்துவமனையில் இருக்கும் பதிவேட்டில் உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறிப்பு போதும். கூட வந்தவர்கள் முன்னிலையிலும் கேட்காதீர்கள். கூட வந்திருப்பவரே அன்று அடித்தவராக இருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை, மதிப்பெண் போடுவதைப் பற்றி. வெளிநாடுகளில் இதைப் பத்து கேள்வியாக்கி, உனக்கு இத்தனை மார்க், உனக்கு இந்த நோய் வரும் என்று சொல்கிற வழக்கம் பரவியிருக்கிறது. அதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டாவே 2020ல் இதை எச்சரித்து எழுதினார். ஆயிரம் பேரைக் கூட்டாகப் பார்க்கும்போது சரியாக இருக்கும் கணக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் எதிர்காலத்தைச் சொல்லாது. நான்கு விதத் துன்பமும் பட்டு எழுபது வயதில் திடமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். எதுவுமே படாமல் நாற்பதில் மாரடைப்பு வந்தவர்களும் இருக்கிறார்கள். சுகர் விஷயத்தில் இந்தத் தொடர்பு மற்ற நோய்களைவிடக் குறைவு என்பதும் உண்மை. சின்ன வயதில் அடிபட்டவரிடம் போய் உனக்கு நோய் நிச்சயம் என்று சொல்வது அவரை இன்னொரு முறை அடிப்பதுதான்.

ஏனென்றால் இது தலையெழுத்து இல்லை. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி விட்டுப்போன அனாதை விடுதிகளில் குழந்தைகள் தொட்டுத் தூக்க ஆளில்லாமல் வளர்ந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் புக்கரெஸ்ட்டில் 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை வளர்ப்புப் பெற்றோர் வீடுகளுக்கு ஆய்வாளர்கள் அனுப்பினார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் விடுதிப் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். அப்படிப் பிரித்தது நியாயமா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது, எனக்கும் அதைப் படிக்கும்போது மனம் கஷ்டப்பட்டது. பன்னிரண்டு வயது வாக்கில் சோதித்தபோது, விடுதியிலேயே தொடர்ந்த குழந்தைகளின் உடம்பு பதற்றத்துக்கு மந்தமாகவே பதில் கொடுத்தது. இரண்டு வயதுக்கு முன்னால் வீட்டுக்குப் போன குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய மற்ற குழந்தைகளைப் போல இருந்தது. மடியில் வைத்து வளர்க்க ஒரு ஆள் கிடைத்ததால் சுரப்பிகளே வேறு விதமாக வேலை செய்திருக்கின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமங்களில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒரு திட்டம் நடந்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் ஏழு வாரம், வாரம் ஒரு முறை கூடினார்கள். அடிக்காமல் கண்டிப்பது எப்படி, பிள்ளையிடம் பேசுவது எப்படி, இவைதான் பாடம். எட்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளுக்கு 19 வயதானபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களுக்கு அழற்சியின் அளவு குறைவாக இருந்தது. 2014ல் இது வெளியானது. ஏழு வாரம் உட்கார்ந்து பேசியதற்கு இந்தப் பலன் என்றால், நம் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் என்னென்ன செய்யலாம்? சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு வகுப்பறையில் அடிப்பதையும் மனரீதியாக வதைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் ஆசிரியரோ பெற்றோரோ இதை ஒழுக்கம் சம்பந்தப்பட்ட பேச்சாகத்தான் கேட்கிறார்கள். நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நின்று, இந்தப் பிள்ளையை இன்று அடிப்பது நாற்பது வயதில் என் வார்டில் தெரியும் என்று சொன்னால் அது வேறு மாதிரி இறங்கும். நம் ஊரில் டாக்டர் சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்துங்கள்.

வீட்டைப் பார்க்கிற கண்களும் நம்மிடம் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வாசல் வரை போகிறார்கள். அந்த வீட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு குழந்தை இப்போது அடிபட்டுக்கொண்டிருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்ல வேண்டும் என்றும், பாலியல் குற்றமாக இருந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கட்டாயம் என்றும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? சுகர் அளவு எழுதும் பயிற்சியில் இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் பார்க்கும் மருத்துவக் குழுக்களுக்கும் இதே பயிற்சி வேண்டும். முதுகில் இருக்கும் தழும்பை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

செவிலியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மிலும் பலர் அப்படி வளர்ந்தவர்கள்தான். நோயாளி பேசும்போது நமக்கே நெஞ்சு அடைக்கும். இதையெல்லாம் கேட்கச் சொல்லி ஒரு சர்க்குலர் மட்டும் அனுப்பிவிட்டு, கேட்டவளை யார் கேட்பது என்பதை யோசிக்காமல் விட்டால், ஆறு மாதத்தில் எல்லோரும் காதில் போட்டுக்கொள்ளாமல் பழைய மாதிரியே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாதம் ஒரு முறை மனநல டாக்டர் வரும் நாளில் செவிலியர்களோடு அரை மணி நேரம் உட்காரட்டும்.

மாவட்டத்தில் மாதாந்திரக் கூட்டம் நடக்கும்போது, தொற்றா நோய்ப் பிரிவின் அறிக்கையில் எத்தனை பேருக்கு சுகர் பார்த்தோம், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்று எண்ணிக்கை வாசிக்கிறோம். அடுத்த கூட்டத்தில், கட்டுக்குள் வராதவர்களில் பத்துப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களோடு தனியாகப் பேசிப் பார்ப்பது என்று ஒரு முடிவு எடுங்கள். ஒரு திரை, இரண்டு நாற்காலி, கூட்டம் குறைந்த பிற்பகல் ஒன்று. அதற்கு மேல் எந்த உத்தரவும் தேவையில்லை. பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். என்னைப் போல் ஓய்வு பெற்ற பலர் வருவார்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வேலை பார்த்த ஒரு செவிலியர்